முப்பத்துமூன்று காப்பி நோட்டுகள்

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் நம் வகுப்புக்காரர்கள் ஆறு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பாயசம் வருவதற்குள் பேச்சு நம்முடைய இங்கிலீஷ் சாரிடம் போய்விட்டது. "இன்னிக்கி நாலு எழுத்து இங்கிலீஷ் படிக்கிறோம்னா அது அந்த மனுசன் போட்ட பிச்சை" என்றார் உங்களில் ஒருவர். யார் என்று எழுதவில்லை, அவருக்கே தெரியும். மற்ற நால்வரும் தலையை ஆட்டினீர்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். "சக்கரை கீது போல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை. எனக்கு இருப்பது ஞாபகம்.

அன்று பந்தியில் சொன்ன இரண்டு விஷயங்களை முதலில் திருத்திவிடுகிறேன். சார் நம் பள்ளிக்கு வந்தது நாம் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என்றீர்கள். இல்லை. எமர்ஜென்சி முடிந்து வந்த கல்வியாண்டில், நாம் நாலாம் வகுப்புக்குப் போன பிறகுதான் வந்தார். அவர் சைக்கிளைச் சாத்தி வைத்த சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் பாதி மட்டும் வெள்ளை அடிக்கப்பட்டு மீதி தெரிந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு முழுதாக வெள்ளை அடித்தது அந்த வருஷ ஆயுத பூஜைக்குத்தான். இரண்டாவது, இன்ஸ்பெக்‌ஷன் மழைக்காலத்தில் நடந்தது என்றீர்கள். இரண்டு வருஷமும் பொங்கல் விடுமுறைக்குப் பிறகே நடந்தது. இரண்டாவது வருஷம் என் பாவாடையில் மாட்டுக் கொம்புக்குப் பூசிய பச்சை வர்ணம் ஒட்டியிருந்ததை இன்ஸ்பெக்டரே சுட்டிக் காட்டினார். தேதி தவறினால் நியாயமும் தவறிவிடும் என்று நினைக்கிறவள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரைப் பற்றி இப்போது தெரிகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அவர் இங்கிலீஷ் படித்து வந்த வாத்தியார் இல்லை. ஏதோ ஒரு கோடை விடுமுறையில் சில நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, இனி நீதான் இங்கிலீஷ் என்று சொல்லியிருப்பார்கள். மொடமொடப்பான வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர், கையில் ஓர் அடி மர ஸ்கேல். அவர் கிட்டே வந்தால் முதலில் பவுடர் வாசனை, பிறகு சுண்ணாம்புக்கட்டி வாசனை, கடைசியில்தான் பயம்.

அவர் பாடம் நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் ஒரு வரி சொல்வார், நாம் முப்பத்துநான்கு பேரும் கூரை ஓடு அதிரத் திருப்பிச் சொல்வோம். புத்தகம் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ரைஸ் மில்லுக்காரர் மகன் ஒரு பாடம் முழுக்கப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கத்தினான். சார் அவன் தலையைத் தடவி, "நல்ல சத்தம்டா உனக்கு" என்றார். அது வாசிப்பு. பேச்சு என்றால் 'குட் மார்னிங் சார்', 'மே ஐ கம் இன் சார்'. எழுத்து என்றால் காப்பி நோட்டு.

நாலு கோடு போட்ட அந்தக் காப்பி நோட்டில் தினம் ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தடுப்புப் பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்தில், தண்ணீரில் கரைக்கிற மை மாத்திரை வாங்கவே பாதிப் பேருக்கு வழியில்லாத ஊரில், யார் தினம் ஒரு பக்கம் எழுதுவார்கள்? ஒருவரும் இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். பிள்ளையை வாசிக்கச் சொல்ல நேரமாகும். நோட்டைப் புரட்ட நேரமாகாது.

இங்கேதான் என் கை சாரின் கண்ணில் பட்டது. எங்கள் நைனா காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்தார். சேலைக் கரையில் விழவேண்டிய அன்னமும் மயிலும் முதலில் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரும். தாள் கிழிந்தாலோ எண்ணெய் பட்டாலோ புதுத் தாளில் அப்படியே எடுத்து வைப்பது என் வேலை. ஒரு கட்டம் தப்பினால் அன்னத்துக்கு மூக்கு கோணிவிடும். அதனால் எதைக் கொடுத்தாலும் பார்த்தது பார்த்தபடி எழுதுவேன். கரும்பலகையில் சார் சாய்த்துச் சாய்த்து எழுதிய இங்கிலீஷ் எழுத்தும் எனக்கு இன்னொரு கரை, அவ்வளவுதான். அது என்ன சொல்கிறது என்று தெரியாது. அன்னம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்பார்களா?

நாலாம் வகுப்பு, மார்கழி. ஒரு நாள் சார் என் நோட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தறிக்காரர் பொண்ணுதான நீ?"

"ஆமா சார்."

"எந்திரிச்சி வா. பேனாவ எடுத்துக்க."

மதிய உணவுக்கு வந்த கோதுமை மூட்டைகள் அடுக்கியிருந்த சாமான் அறையில் ஒரு பால்பவுடர் டின்னைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழும் வெளிச்சம் நகர நகர நானும் டின்னை நகர்த்திக்கொள்ள வேண்டும். அங்கே உட்கார்ந்து உங்கள் முப்பத்துமூன்று பேருடைய காப்பி நோட்டுகளையும் நான் எழுதினேன். ஜூன் மாதத்திலிருந்து விட்டுப்போன பக்கங்கள் எல்லாம். ஒரே கை என்று தெரியாமலிருக்கச் சில நோட்டில் எழுத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார், சிலதில் நிமிர்த்தச் சொன்னார். இங்கிலீஷ் பாட நேரம் முழுக்க, சில நாள் மத்தியானமும். கோதுமை உப்புமா உள்ளேயே வந்துவிடும். கட்டைப்பேனாவின் நிப் இரண்டு தடவை உடைந்தது. கோதுமை வண்டு பக்கத்தின் மேல் ஊரும்போது ஊதித் தள்ளிவிட்டு எழுதுவேன். ஆள்காட்டி விரலில் பேனா அழுத்திய இடத்தில் ஒரு காய்ப்பு விழுந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். நைனா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கேட்டார்.

"சாரே உன்னாண்ட குடுத்தாரா?"

"ஆமா நைனா."

"எல்லாரு நோட்டும்?"

"எல்லாருதும்."

"பாத்தியா! இங்கிலீஷ் உனக்கு நல்லா வர்துன்னுதான குடுத்துக்கீறாரு. இல்லாட்டி குடுப்பாரா?"

அந்த வாரமே ஒரு பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு போய் சார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். எழுதுகிற பெண் படிக்கிறாள் என்று நைனா நினைத்தார். நெய்கிறவருக்குத் துணி தெரியும் என்பதுபோல அவருக்கு அது சந்தேகமே இல்லாத விஷயம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் நோட்டு? "உன்னுது இன்னா, ரெண்டு நாள் வேல. கடைசியில பாத்துக்கலாம்" என்றார் சார். அந்தக் கடைசி வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு நாள் முன்னதாகவே ஜீப்பில் வந்து இறங்கினார்.

மேஜையில் அடுக்கியிருந்த நோட்டுகளில் அவர் மேலே இருந்து நாலைந்து எடுத்துப் பார்த்தார். கீழே கைவிட்டு ஒன்றை உருவினார். அது என்னுடையது. முதல் ஆறு பக்கத்துக்குப் பிறகு வெள்ளை.

"யாரு இது?"

எழுந்து நின்றேன்.

"வருஷம் பூரா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சோம்பேறி சார் இது. எவ்ளோ சொன்னாலும் எழுதறதில்ல. கைய நீட்டுடி." வலது கையைத்தான் நீட்டச் சொன்னார். விரல் மூட்டின் மேல், ஸ்கேலின் விளிம்பால், நாலு. பிறகு இன்ஸ்பெக்டர் மில்லுக்காரர் மகனுடைய நோட்டைத் தூக்கிக் காட்டி, "கையெழுத்துன்னா இது" என்று சொல்லி, தன் சட்டைப்பையிலிருந்த மைப்பேனாவையே எடுத்து அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். கை தட்டச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் தட்டினீர்கள். யார் எழுதியது என்று உங்கள் முப்பத்துமூன்று பேருக்கும் தெரியும். நானும் தட்டினேன். மூட்டு வீங்கியிருந்ததால் சத்தம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து நான் முடிவு செய்தது ஒன்றே ஒன்று. இந்த ஆளை அதே மேஜைக்கு முன்னால், அதே இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நிற்க வைக்க வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதற்கு என்ன வழி? பெரியவர்களிடம் சொல்லலாம். சொன்னால் சார் சொல்வதைத்தான் நம்புவார்கள். ஆகவே இன்ஸ்பெக்டர் கையில் எடுக்கும் ஒரே பொருளில், அவருக்குப் புரியும் பாஷையில், உண்மையை எழுதி வைக்க வேண்டும். அதற்கு எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரிய வேண்டும். கோபத்தில்தான் படித்தேன் என்று சொன்னால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். படிப்பு அன்பால் வரும் என்று எழுதியவர்களின் புத்தகங்களை நானும் பிற்காலத்தில் நிறைய வாசித்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு வாத்தியார்கள் கிடைத்திருப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பு சாரே கூட வந்தார். இந்தத் தடவை புரட்டாசியிலேயே என்னைச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டார். நான் முகம் சுளிக்காமல் போனேன். போன வருஷம் அடித்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடித்தது அவருக்கு நினைவிலேயே இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் கத்துவீர்கள். இந்தப் பக்கம் அதே பாடத்தை நான் எழுதிக்கொண்டிருப்பேன். உழவனும் கிணறும் என்று ஒரு பாடம். "தி ஃபார்மர் வென்ட் டு தி வெல்" என்று நீங்கள் கத்தும்போது என் கை முதல் வரியில் இருக்கும். பதினைந்தாவது நோட்டோ பதினாறாவதோ, கத்தல் நின்ற இடத்தில் என் பேனாவும் நின்றது. 'வெல்' என்று வரி முடிந்தது. என் வரியின் கடைசியிலும் நாலு எழுத்தில் ஓர் உருவம். கீழே தேடினேன். அதே உருவம் இன்னும் நாலு இடத்தில் இருந்தது. மறுபடி நீங்கள் கத்தும்போது எண்ணினேன். 'வெல்' ஐந்து தடவை வந்தது.

உத்திரமேரூர்க் கோயில் மண்டபத்தின் கல் முழுக்க எழுத்து இருக்கிறதே, அதைப் பல தடவை விரலால் தடவிப் பார்த்திருக்கிறோம். சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டி வைத்தது என்று சொல்வார்கள். நமக்கு அது கீறல். அந்தக் கல் திடீரென்று வாய் திறந்து பேசினால் எப்படி இருக்கும்? எனக்கு அன்று அப்படித்தான் இருந்தது. மையைக் கொட்டிவிட்டேன்.

பிறகு சுலபம். பாடத்தின் முடிவில் வார்த்தைக்கு அர்த்தம் தமிழில் இருக்கும். அதையும் முப்பத்துமூன்று தடவை நான்தான் எழுதினேன். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, உருவம் கையில் இருந்தது, அர்த்தம் பக்கத்தின் அடியில் இருந்தது. கார்த்திகைக்குள் வரிகளை வாய்க்குள் படிக்க ஆரம்பித்தேன். மில் வாசலில் உர மூட்டைகளில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். செங்கல்பட்டு பஸ்ஸின் பின்புறத்தைப் படித்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

வேலைக்காரன் மேல் வீண் பழி விழுகிற ஒரு பாடம் இருந்தது. அவன் எஜமானிடம், "ஐ டிட் நாட் டேக் திஸ்" என்பான். இதை நான் எடுக்கவில்லை. அந்த வரியில் எடுப்பதை எடுத்துவிட்டு, எழுதுவதை வைத்தேன். பயிற்சிகளின் தலைப்பிலெல்லாம் 'ரைட்' என்று இருந்தது. "ஐ டிட் நாட் ரைட் திஸ்." இதை நான் எழுதவில்லை. பொங்கலுக்கு முந்தைய வாரத்துப் பக்கத்தில், கடைசி வரியில், முப்பத்துமூன்று நோட்டிலும் அழகாக எழுதினேன். சாய்க்க வேண்டிய நோட்டில் சாய்த்தும், நிமிர்த்த வேண்டியதில் நிமிர்த்தியும். என் நோட்டில் மட்டும் அந்த வரி இல்லை. இந்தத் தடவை என் நோட்டைத்தான் முதலில் எழுதி முடித்திருந்தேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் சார் நமக்கு ஒரு பாடம் நடத்தினார். "நோட்ட காட்டி யாரு எழுதினதுன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?" "நான்தான் சார்!" "சத்தமா!" "நான்தான் சார்!" சாமான் அறைக் கண்ணாடி ஓடே விழுந்துவிடும் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். அதே ஜீப், அதே மனிதர். என் பாவாடையைப் பார்த்து, "இன்னா, மாட்டுக்கு பூசினியா, மாடு உனக்கு பூசிச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டுகளை எடுத்தார். சிவப்புப் பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சுழி. பொங்கலுக்கு முந்தைய வாரத்துப் பக்கம் வந்தது. கடைசி வரிக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்த நோட்டு. அடுத்தது. நம் ஹெட்மாஸ்டர் பெரிய சாரோடு ஏதோ இட மாற்றல் பற்றிப் பேசிக்கொண்டே முப்பத்துநான்கு நோட்டிலும் போட்டு முடித்தார். "வெரி குட். ரொம்ப திருத்தமா இருக்குது." எழுந்து இளநீர் குடிக்கப் போய்விட்டார்.

'இதை நான் எழுதவில்லை.' அதன் கீழே அரசாங்கத்தின் கையெழுத்து. படிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதினேன். எழுத்து என்றால் யாராவது படிப்பார்கள் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு மில்லுக்காரர் வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து அவர் தம்பி வந்தார். மில்லுக்காரர் மகனுடைய நோட்டைப் பெருமையாக எடுத்துக் காட்டியிருக்கிறார். தம்பிக்கு இங்கிலீஷ் தெரியும். திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்குள் மில்லுக்காரர் நோட்டும் கையுமாக வகுப்பில் நின்றார். உமி ஒட்டிய பனியன், பின்னாலேயே பெரிய சார்.

"இன்னா சார் இது பேஜாரு? 'நான் எழுதல'ன்னு எம்புள்ளையே எழுதிக்கீறானாமே? என் தம்பி வாய்விட்டு சிரிக்கிறான் சார்!"

பெரிய சார் நோட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "டேய், யாருடா எழுதினது?"

அவன் விறைத்து நின்று, போன வாரம் கற்றதை மறக்காமல் கத்தினான். "நான்தான் சார்!"

"அப்ப இன்னாத்துக்குடா நான் எழுதலன்னு எழுதின?"

"நான்தான் சார்!"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது நினைவிருக்கிறதா? பெரிய சார் மேஜையில் இருந்த இன்னொரு நோட்டைப் பிரித்தார். பிறகு இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே வரி. இங்கிலீஷ் சாரின் கழுத்தில் வேர்வை இறங்கி, பவுடர் கோடு கோடாகக் கரைந்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் கண்ணைத் தாழ்த்தாமல் அவரைப் பார்த்தேன். இவள்தான் எழுதினாள் என்று அவர் சொல்லலாம். சொன்னால் முப்பத்துமூன்று நோட்டையும் இவளைக் கொண்டு எழுத வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை என் வாழ்நாளில் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஆனால் அவர் தப்பித்துவிட்டார்.

"அது பாடம் சார்" என்றார். "எதிர்மறை வாக்கியம். இல்ல, மாட்டேன், முடியாது, எழுதல. அது சொல்லிக் குடுத்தேன். எல்லாரையும் ஒரு வரி எழுத வெச்சேன். இன்ஸ்பெக்டரே பாத்து கையெழுத்து போட்டுக்கீறாரு பாருங்க."

மில்லுக்காரர் கையெழுத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்டியா! அஞ்சாங் கிளாசுலியேவா? அந்த மெட்ராஸ்காரனுக்கு இது இன்னா தெரியும் சார்!" என்று சொல்லி மகன் முதுகில் ஒன்று தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் சார் என்னைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஸ்கேல் இல்லை.

"யாருடி சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார்."

"பொய் சொல்லாத. பெரிய சாரா? மூணாங் கிளாஸ் டீச்சரா? யாரு எழுதிக் குடுத்து பாத்து எழுத சொன்னாங்க?"

"நானேதான் சார்."

அவர் சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை, நிஜமான சிரிப்பு. "உனக்கு படிக்கவே தெரியாதேடி. உன்ன ஒரு நாளாவது நான் படிக்க வெச்சிருக்கேனா?" புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். "தெரியும்னா இத படி பாப்போம்."

தண்ணீர்போலத் தெரிந்த பாடம். முதல் வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இந்த ஆளுக்காக நான் வாய் திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டதும் படித்துவிட்டால், அதுவும் அவர் கற்றுக்கொடுத்ததாகப் போய்விடும் என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு பயம். அவர் காத்திருந்தார். பிறகு, "அப்டி வா வழிக்கு" என்று புத்தகத்தை மூடினார்.

அன்றோடு என்னிடமிருந்து பேனா போயிற்று. வருஷம் முடியும் வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னை எழுதவும் சொல்லவில்லை, படிக்கவும் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்புக்கு உத்திரமேரூர்ப் பெரிய பள்ளிக்கூடம். அங்கே மூன்று பிரிவு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். யார் எந்தப் பிரிவு என்பதைப் பழைய பள்ளியின் இங்கிலீஷ் சார் எழுதிக் கொடுக்கும் சீட்டு முடிவு செய்யும். அ பிரிவுக்குப் போனால் நிஜமான இங்கிலீஷ் வாத்தியார். இ பிரிவுக்குப் போனால் பாதி நாள் மைதானத்தில் புல் பிடுங்கலாம், பத்தாவதில் தோற்கலாம், பதினாறில் கல்யாணம் செய்துகொள்ளலாம். இ பிரிவுக்குப் போன நம் வகுப்புப் பெண்கள் யார் யார் என்று என்னிடம் பட்டியல் இருக்கிறது. அவர்களில் ஒருவரும் அந்தக் கல்யாணப் பந்தியில் நம்மோடு உட்காரவில்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் திங்கள். சார் சீட்டை மடித்து ஒட்டி நைனாவிடம் கொடுத்திருந்தார். நைனா அதைத் துண்டில் முடிந்துகொண்டார். மற்ற கையில் ஒரு மஞ்சள் பை, அதில் ஆறு மாம்பழம். திரும்பி வரும்போது சார் வீட்டில் கொடுப்பதற்கு.

"இன்னா நைனா எழுதிக்கீறாரு?"

"நல்லதாத்தான் எழுதியிருப்பாரு பாப்பா. எவ்ளோ நோட்டு எழுதிக் குடுத்த நீ."

பெரிய பள்ளியின் ஹெட்மாஸ்டர் சீட்டைப் பிரித்து மேஜை மேல் வைத்துப் பார்த்தார். பெரிய பதிவேட்டில் என் பெயருக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சீட்டு எனக்குத் தலைகீழாக இருந்தது. சாரின் எழுத்து, சாய்வான எழுத்து. அதை எந்தப் பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரியும்.

"ஷி கேன் காப்பி" என்று படித்தேன். "ஷி கேனாட் ரீட்."

ஹெட்மாஸ்டர் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நைனா பெருமை தாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் என் வாயிலிருந்து இங்கிலீஷ் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மறுபடி படி."

படித்தேன்.

"அர்த்தம் தெரியுமா?"

"தெரியும் சார்."

"சொல்லு."

நைனா பக்கத்தில் நின்றார். சொல்லாமலிருக்க வழி இல்லை. "இவளுக்குப் பார்த்து எழுத வரும். படிக்க வராது."

நைனாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதுபோல் இருந்தது. ஹெட்மாஸ்டர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் மேஜையில் இருந்த ஏதோ ஒரு சுற்றறிக்கையைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனாலும் படித்தேன். பதிவேட்டில் 'அ' என்று எழுதினார்.

இப்போது யோசிக்கும்போது, சார் அந்தச் சீட்டை வஞ்சத்தில் எழுதியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. அவர் நம்பியதைத்தான் எழுதினார். யாரோ எழுதிக் கொடுத்ததை இந்தப் பெண் பார்த்து எழுதினாள், இவளுக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு வருஷம் தன் கண்ணெதிரே உட்கார்ந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. வஞ்சம் என்றால்கூட நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. வஞ்சம் வைக்கவாவது என்னை அவர் பார்த்திருக்க வேண்டுமே.

திரும்பும் வழியில் நைனா முன்னால் நடந்தார். சார் வீடு வந்ததும் நின்றார்.

"வேணாம் நைனா. பழத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்."

"குடுக்கறன்னு எடுத்துக்கினு வந்தது" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

சார் பனியனோடு வெளியே வந்தார். நைனா பையை இரண்டு கையாலும் நீட்டினார். "பாப்பாவ அ பிரிவுல போட்டுட்டாங்க சார்."

"அ பிரிவா?" சார் பையை வாங்கிக்கொண்டார். "சீட்ட குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார். நீங்க எழுதினத பாப்பாவே படிச்சிது. தலகீழா கிடந்திச்சி, அப்டியே படிச்சிது."

சார் என் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்தில் அவர் என்னை நிஜமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். என் கையை அல்ல, முகத்தை. வெகுநேரம் பார்த்தார்.

"யாருய்யா இதுக்கு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் சார். வேற யாரு" என்றார் நைனா.

மனதாரச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் கேட்டதும் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் சாரின் முகம் இளகியது. தோளை நிமிர்த்தினார். தலையைக்கூட லேசாக ஆட்ட ஆரம்பித்துவிட்டார். விட்டால் என் படிப்பையும் மாம்பழத்தோடு சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

நான் ஒரு படி மேலே ஏறினேன். யாரும் சொல்லித்தராமல், எந்தப் பாடத்திலும் இல்லாமல், நானாகப் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

"நாட் யூ, சார்."

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நன்றி சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு, சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். சாருக்கு இங்கிலீஷ் தெரியும்.